குடிக்காதவர் தள்ளாடினால்: பத்தியமா, மாத்திரையா, சோதனையா?

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் பேருந்து நிலையத்தில் என் அப்பா தள்ளாடித் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அருகில் நின்றவர்கள் "காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்கள். வாழ்நாளில் கள்ளையோ சாராயத்தையோ தொட்டிராத அவருக்கு அன்று வந்தது, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியதால் உண்டான தாழ்சர்க்கரை. பேச்சுக் குழறினாலும் நினைவு தப்பாமல் இருந்ததால், தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அப்பா எழுந்து நடந்தார். ஆனால் அந்தச் சொல்லை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் என்ற முறையிலும், அந்த அப்பாவின் மகன் என்ற முறையிலும், குடிக்காமலேயே குடித்தவர்போல் ஆகிவிடுகிறவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அன்றுமுதல் படித்து வருகிறேன்.

அப்படிப்பட்ட நிலைகளில் மிக அரிதான ஒன்று இருக்கிறது. உண்ட சோற்றையும் இனிப்பையும் குடலுக்குள் பெருகிவிட்ட ஈஸ்ட் பூஞ்சைகள் நொதிக்கவைத்து, சாராயத்தில் இருக்கும் அதே எத்தனாலை உண்டாக்கி இரத்தத்தில் கலக்கவிடுகின்றன. மருத்துவர்கள் இதனை ஆட்டோ ப்ரூவரி சின்ட்ரோம் என்கிறார்கள். நான் இக்கட்டுரையில் குடல் நொதிப் போதை என்று குறிப்பிடுகிறேன். இந்த ஐயம் எழும் குடும்பம் ஒன்று, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019இல் மூன்றாகப் பிரிந்த வேலூர் மாவட்டத்தில் எங்கு வாழ்ந்தாலும், அதன் முன்னால் ஏறத்தாழ ஒரே மாதிரியான வழிகள்தான் வந்து நிற்கின்றன. போதை மீட்பு மையத்திற்கு அழைத்துச் செல்லலாம். மருந்துக் கடையில் பூஞ்சை மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம். சோற்றை நிறுத்திப் பத்தியம் வைக்கலாம். அல்லது பெரிய மருத்துவமனையில் சேர்த்து முறையான சோதனை செய்துகொள்ளலாம். எதை முதலில் செய்வது என்பதே இங்குள்ள முடிவு. அந்த வரிசை தவறினால் நோயும் மறைந்துகொள்ளும், அவர் குடிக்கவில்லை என்பதற்கான சான்றும் கைநழுவிப் போகும்.

இட்லி மாவை இரவில் கரைத்து வைத்துக் காலையில் பொங்கியிருப்பதைப் பார்க்கும் நமக்கு நொதித்தல் புதிதல்ல. எல்லோர் குடலிலும் சிறிதளவு எத்தனால் உண்டாகத்தான் செய்கிறது. கல்லீரல் அதை உடனுக்குடன் அழித்துவிடுவதால் இரத்தத்தில் அது மிகமிகச் சொற்பமாகவே காணப்படும். நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டதாலோ, குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, சர்க்கரை நோய், கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி நோயான கிரோன் போன்றவற்றின் துணையாலோ, சாக்கரோமைசிஸ் அல்லது கேண்டிடா வகை ஈஸ்ட் அளவுமீறிப் பெருகினால் அந்தச் சமநிலை உடைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நடக்கக்கூடியதுதான் என்பது விளங்கும்: ஒரு கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ அரை கிராம் எத்தனால் கிடைக்கும், அறுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவரின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற அளவை எட்ட ஏறத்தாழ 12 கிராம் எத்தனால் போதும், அதற்கு வேண்டிய 24 கிராம் மாவுச்சத்து ஒரு சிறு கிண்ணம் சோற்றிலேயே இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழு கிராம் அளவில் எத்தனாலைக் கழித்துக்கொண்டே இருப்பதால், உண்மையில் இதைவிட வேகமாகவும் அதிகமாகவும் நொதித்தால்தான் போதை ஏறும். ஆகவேதான் இந்நோய் இவ்வளவு அரிது.

அரிது என்றாலும் கற்பனை அன்று. 1970களிலேயே ஜப்பானிய மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 61 வயதுக்காரர் ஒருவரின் உடைமைகளைச் சோதித்து, 24 மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்து, மாவுச்சத்து உணவு மட்டும் கொடுத்தபோது இரத்தச் சாராய அளவு 0.12 விழுக்காடுவரை, அதாவது 100 மில்லி லிட்டருக்கு 120 மில்லிகிராம்வரை, ஏறியது; 2013இல் வெளியான அந்த அறிக்கைதான் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கனடாவின் டொராண்டோ நகரில் 50 வயதுப் பெண் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் ஏழு முறை அவசரப் பிரிவுக்குப் போய், குடிக்கவில்லை என்று அவரும் குடும்பத்தாரும் சொல்லியும் நம்பப்படாமல், ஏழாம் முறைதான் நோய் இன்னதென்று அறியப்பட்டார். அவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காக அடிக்கடி ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது. இதைப் படித்தபோது, என் கையால் எத்தனை பேருக்கு அந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்ற எண்ணம் வந்து வெகுநேரம் அகலவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் இரண்டு காரியங்கள் உண்டு. இவற்றில் தெரிவுக்கு இடமில்லை. தள்ளாட்டமும் குழறலும் வந்த அந்த நிமிடத்திலேயே குளுக்கோமீட்டரால் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நினைவு மங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அழைக்க வேண்டும். சர்க்கரை சரியாக இருந்து முகம் கோணினாலோ, ஒரு கை மட்டும் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். குடல் நொதிப் போதை என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்க அது நேரமல்ல. இரண்டாவது, அவர் வண்டி ஓட்டுவதையும், இயந்திரத்தில் கைவைப்பதையும் அன்றே நிறுத்த வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் வெட்டும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கும் இது வருமான இழப்பு என்பதை அறிவேன். ஆயினும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் எத்தனால் இருந்தால் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஊதச் சொல்லும் காவலரின் கருவிக்கு எத்தனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 2024இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகர நீதிமன்றம் இந்நோயுள்ள ஓட்டுநர் ஒருவரை விடுவித்தது உண்மைதான். ஆனால் மருத்துவர்கள் தனித்தனியே சோதித்து நோயை உறுதிசெய்த பிறகே அந்த விடுதலை கிடைத்தது. மேலும், தண்டனையிலிருந்து தப்புவது வேறு, எதிரே வந்த பள்ளிக் குழந்தையின் மேல் மோதாமலிருப்பது வேறு.

இனி வழிகளுக்கு வருகிறேன். போதை மீட்பு மையம் என்பது குடிநோயாளிகளுக்கு உயிர்காக்கும் இடம். அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் குடல் நொதிப் போதை உள்ளவரை அங்கு சேர்த்தால், குடிக்கவில்லை என்று அவர் சொல்வதே நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்படும் ஆபத்து இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து டைசல்பிராம் என்னும் மருந்து. குடித்தால் வாந்தியும் படபடப்பும் இரத்த அழுத்தச் சரிவும் வரச் செய்து, குடிப்பதற்கே அஞ்ச வைக்கும் மருந்து இது. குடலே எத்தனாலை உற்பத்தி செய்துகொண்டிருப்பவருக்கு இதைக் கொடுத்தால், அவர் குடியை நிறுத்தித் தப்பிக்கவும் வழியில்லை. ஒவ்வொரு வேளைச் சோறும் அவருக்கு நஞ்சாகும். "அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று சுவரொட்டிகளில் விளம்பரம் செய்யப்படும் குடி மறக்கும் பொடிகளில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. உண்மையாகவே குடிப்பவருக்குக்கூட அப்படிக் கொடுப்பது தவறு. குடிக்காத கணவருக்கு, குடிக்கிறார் என்று நம்பி, அன்போடு கலந்து கொடுத்துவிடக்கூடிய மனைவியரை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது வழி, பூஞ்சை மாத்திரை. ஃப்ளூகோனசோல் என்னும் இந்த மாத்திரை விலை மலிவானது. படர்தாமரைக்கென்று சீட்டில்லாமல் கேட்டு வாங்குபவர்கள் எங்கள் பக்கத்தில் மிகுதி. இணையத்தில் இந்நோயைப் பற்றிப் படித்த ஒருவருக்கு இதுவே குறுக்குவழியாகத் தோன்றும். இதை நான் ஏற்கவில்லை. கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் உடலில் தங்கும் அளவை ஃப்ளூகோனசோல் கூட்டுவதால், தாழ்சர்க்கரை வந்து அவர் முன்னிலும் மோசமாகத் தள்ளாடக்கூடும். வீட்டார் அதை நொதிப் போதை என்றே எண்ணிக்கொள்வார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவருக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம். கல்லீரல் கெட்டிருப்பவருக்கு மேலும் கெடலாம். இவை ஒருபுறமிருக்க, எல்லா ஈஸ்டும் இந்த மருந்துக்கு அடங்குவதில்லை. கேண்டிடா குருசெய் இயல்பாகவே இதற்குக் கட்டுப்படாதது. கேண்டிடா கிளாப்ரேட்டா பல நேரங்களில் எதிர்த்து நிற்பது. அரைகுறையாக மாத்திரை போட்டுவிட்டுப் பிறகு மருத்துவமனைக்குப் போனால், வளர்த்துப் பார்க்கும் சோதனையில் பூஞ்சை முளைக்காமல் போகலாம். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும்.

பத்தியம் இதைப்போல் ஆபத்தானதல்ல என்று பலரும் எண்ணுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். மாவுச்சத்து இல்லையேல் நொதிக்க ஒன்றுமில்லை என்பதால் இந்நோய்க்குப் பத்தியமே அடிப்படை மருத்துவம் என்பதும் மெய். ஆனால் நம் வீடுகளில் பத்தியம் என்ற சொல்லுக்கு இருக்கும் பொருள் இங்கே பொருந்தாது. சர்க்கரை நோயாளிக்குச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி என்பது வட ஆற்காட்டு வழக்கம். 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ எழுபது கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சர்க்கரை மெதுவாக ஏறுகிறதா, விரைவாக ஏறுகிறதா என்பது அந்த நோய்க்கான கேள்வி. குடலிலுள்ள ஈஸ்டுக்குக் களியும் சோறும் ஒன்றே. ஆகவே களி, கூழ், சப்பாத்தி, ஓட்ஸ் ஆகிய எல்லாமே விலக்கில் சேரும்; ஆம்பூர்ப் பிரியாணியில் அரிசியை ஒதுக்கிக் கறியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முட்டை, மீன், கோழி, பனீர், கீரை, இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், வெண்டை, புடலை, சுரை என்று உண்ண நிறையவே இருக்கின்றன என்றாலும், மூன்று வேளையும் இவற்றை வாங்கிச் சமைக்கும் செலவும் உழைப்பும் சிறிதல்ல. அந்த உழைப்பு பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் மருந்தளவைக் குறைக்காமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் என் அப்பாவுக்கு நேர்ந்ததே நேரும்.

இவையெல்லாவற்றையும்விடப் பத்தியத்தை முதலில் தொடங்குவதற்கு எதிரான காரணம் ஒன்று உண்டு. சோற்றை நிறுத்திய பின் அவர் தெளிந்துவிட்டார் என்றால், அதனால் எது மெய்ப்பிக்கப்பட்டது? மாத்திரை மாறியதால் தாழ்சர்க்கரை நின்றிருக்கலாம். அல்லது வீட்டார் கண்காணிப்பதால் மறைவாகக் குடிப்பதை நிறுத்தியிருக்கலாம் என்று மாமனார் சொல்லிவிட முடியும். முதலாளியிடமோ, நீதிமன்றத்திலோ காட்டுவதற்கு ஒரு தாளும் கையில் இருக்காது. அவரைப் பற்றிய சந்தேகம் அப்படியே நிற்கும்.

ஆகையால் என் தெரிவு, முதலில் சோதனை. அதிலும் தரம் உண்டு. இணையத்தில் ஊதிப் பார்க்கும் கருவி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு நல்ல துணை: உணவுக்குப் பின் கால் மணி நேரம் கழித்து, வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் படாமல் ஊதி, என்ன உண்டார், எத்தனை மணிக்கு, எண் எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதி வந்தால் மருத்துவருக்கு ஒரு தடம் கிடைக்கும். ஆனால் மலிவான கருவிகள் வேறு ஆவிகளாலும் ஏமாறும். அந்த எண் சான்றாகாது. போதை ஏறிய நேரத்தில் அவசரப் பிரிவுக்கு ஓடி இரத்தம் எடுப்பது அதைவிட வலுவானது. இரத்தத்தில் எத்தனால் இருப்பதை அது உறுதிசெய்யும், ஆனால் அது குடலில் விளைந்ததா, கடையில் வாங்கியதா என்று சொல்லாது. சிறுநீரை மட்டும் சோதித்துவிட்டு முடிவெடுப்பதை ஏற்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் உள்ள ஈஸ்ட் அங்கேயே சர்க்கரையை நொதிக்கவைக்கக்கூடும்; கல்லீரல் மாற்றுக்காகக் காத்திருந்த ஒரு பெண் இதனால் குடிப்பவராகக் கருதப்பட்டதை 2020இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

கேள்விக்கு நேராக விடை தருவது கண்காணிப்பில் செய்யும் குளுக்கோஸ் சோதனைதான். நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து, பையையும் படுக்கையையும் சோதித்து, வெளியிலிருந்து எதுவும் வராதபடி ஒருவர் உடனிருக்க, இரவு முழுதும் பட்டினிக்குப் பின் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, தொடக்கத்திலும் பின்னர் அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, இருபத்துநான்கு மணி நேரத்திலும் இரத்தத்தில் சர்க்கரையையும் எத்தனாலையும் அளக்கிறார்கள். 2019இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறையில் 200 கிராம் குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது விளையாட்டல்ல. வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. இரண்டு சிறு செய்திகளை உடன் செல்பவர் நினைவில் வைத்திருந்து பணிவோடு கேட்க வேண்டும்: ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்காமல் வேறு கிருமிநாசினியால் துடைக்க வேண்டும், இரத்தத்தை ஃபுளோரைடு உள்ள குழாயில் எடுக்க வேண்டும், இல்லையேல் குழாய்க்குள்ளேயே நொதித்தல் நடந்ததென்ற ஐயம் எழும். எத்தனால் ஏறினால், அடுத்து எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் நீரை எடுத்து எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பார்கள்.

எங்கே போவது என்ற கேள்வியில் நம் மாவட்டத்தார் பேறு பெற்றவர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். குடியாத்தத்திலிருந்து நமக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். குடல் மருத்துவமும் நுண்ணுயிரியலும் ஒரே நிறுவனத்தில் இருப்பது இந்நோய்க்கு மிகவும் வேண்டிய வசதி. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை செலவில்லாத வழி. வழக்கு ஏதும் பதிவாகியிருந்தால் அரசு மருத்துவரின் பதிவேடு கூடுதல் பயன் தரும். எங்குச் சென்றாலும் இந்தச் சோதனை அன்றாடம் செய்யப்படுவதல்ல என்பதால், முதல் நாளே சேர்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காமல், குறிப்பேட்டையும், கடந்த இரண்டு ஆண்டுகளில் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக், அமிலம் குறைக்கும் மாத்திரை, வயிற்றுப்போக்குக்குக் குடித்த பாக்கெட் பொடி ஆகியவற்றின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு குடல் மருத்துவரை முதலில் பார்ப்பது நல்லது. அந்தப் பாக்கெட் பொடிகளில் சிலவற்றில் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்னும் உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது. நல்ல நுண்ணுயிர் என்ற எண்ணத்தில் இந்நோயாளிக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது. லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியா உள்ளதே இங்கு ஏற்றது.

நோய் உறுதியானபின் பத்தியமும் மாத்திரையும் எதிரெதிர் வழிகளாக இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்தே சிகிச்சை. பூஞ்சைக்கேற்ற மருந்தை மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்கு, கல்லீரல் சோதனையோடு எடுக்க வேண்டும்; அந்த வாரங்களில் பத்தியம் உடையக் கூடாது. மேலே சொன்ன நியூயார்க் மருத்துவர்களின் நோயாளி சிகிச்சையின் நடுவே மருத்துவருக்குச் சொல்லாமல் பீட்சாவும் சோடாவும் உட்கொண்டதால் நோய் கடுமையாகத் திரும்பி, நரம்பு வழி மருந்துவரை போக வேண்டியதாயிற்று. இவையும் பயன்தராதவருக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலுக்குள் செலுத்தும் முறை இருக்கிறது. பெல்ஜியத்தில் 47 வயதுக்காரர் ஒருவருக்கு அவருடைய மகளின் மலத்தைக் கொண்டு இப்படிச் செய்து, கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் போதை திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவரிடம் கிடைத்த வெற்றி என்பதால் இதைக் கடைசி வழியாகவே நான் வைக்கிறேன்.

சோதனையில் எத்தனால் ஏறவில்லை என்றால் அவர் பொய் சொன்னார் என்று உடனே தீர்மானிப்பதையும் நான் ஏற்கவில்லை. நோய் ஏறியிறங்கும் தன்மையுள்ளது. வலிப்பு, கல்லீரல் மயக்கம், தூக்க மாத்திரை என்று பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. உண்மையாகவே மறைவாகக் குடித்திருந்தாலும் அதுவும் நோய்தான். அப்போது போதை மீட்பு மையமே சரியான இடமாகும். அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்று சோதனைக்கு அழைத்துப் போகிறவர்கள் அதைச் செய்யாமலிருப்பதே மேல். என்ன முடிவு வந்தாலும் உடன் இருப்போம் என்று முன்பே அவரிடம் சொல்லிவிட்டு அழைத்துச் செல்ல வேண்டும்.

சோற்றுக்குத் திரும்புவதையும் அவசரமின்றிச் செய்ய வேண்டும். மருந்து முடிந்து, பத்தியத்தில் சில வாரங்கள் தெளிவாக இருந்து, குளுக்கோஸ் சோதனையை மீண்டும் செய்து, எத்தனால் ஏறவில்லை என்று கண்ட பிறகே மருத்துவர் அனுமதிப்பார். டொராண்டோப் பெண்ணுக்கு மாவுச்சத்தைக் கூட்டியபோது குழறல் திரும்பியது. மீண்டும் குறைத்தபோது நின்றது. ஆகவே காலையில் ஒரே ஒரு இட்லி, பிறகு ஊதிப் பார்த்துக் குறிப்பேட்டில் எண், ஒரு வாரம் சுழியமாகவே இருந்தால் இரண்டாவது இட்லி என்ற அளவில் தொடங்கி, வண்டிச் சாவியை மருத்துவர் எழுத்தில் சொல்லும்வரை வேறொருவரிடமே வைத்திருக்க வேண்டும்.